ஊட்டுக்கு ரெண்டு வாழைப்பழம்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பாரிஷ் கவுன்சிலில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் உறுப்பினராகி ஐந்து வருஷம் முடிந்ததாம். ஏழு பேருக்கு ஒரு சின்ன கேக். அதை வெட்டலாம் என்று ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, எல்லோரும் கை தூக்கி, எதிர்ப்பு யாருமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் கத்தியை என் கையில் கொடுத்தார்கள். அதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

இதைக் கேள்விப்பட்டு ராசிபுரத்திலிருந்து பழைய சிநேகிதி ஒருத்தி, "நீ லண்டனில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டாயாமே" என்று கடிதம் போட்டிருக்கிறாள். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. லண்டன் இங்கிருந்து நாலு மணி நேரம். எம்.எல்.ஏ.வும் இல்லை, ஒன்றும் இல்லை தாயே. மூன்று பெஞ்சு, ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு பஸ் நிழற்குடை, ஒரு மைதானத்துப் புல். இவ்வளவுதான் எங்கள் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. கூட்டத்தில் பாதி நேரம் தெருவில் நாய் போட்டுவிட்டுப் போவதைப் பற்றியே பேசுவோம். மீதி நேரம் போன கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசியதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்போம்.

நாமக்கல் பக்கத்து மலையில், குண்டனி நாட்டில் பிறந்து, சாமை வயலில் கிளி ஓட்டிக்கொண்டிருந்த நான் இதற்குள் எப்படி மாட்டினேன் என்பதை அவளுக்காகவும் உங்களுக்காகவும் எழுதிவிடுகிறேன். ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இதில் வருகிற வெள்ளைக்காரர்கள் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் நுழைந்து மனசுக்குள் இறங்கும்போது அது எங்கள் மலைப்பக்கத்துப் பேச்சாக மாறிவிடும். அப்படித்தான் எழுத வரும். "துரை எங்கே இப்படியெல்லாம் பேசினார்" என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

2

தொண்ணூற்றேழில் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம். என் வீட்டுக்காரர் மாணிக்கம் நாமக்கல்லில் லாரி ஓட்டியவர், இங்கே ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். மகள் கவிதாவுக்கு அப்போது பத்து வயசு. வந்த ஆறே மாதத்தில் அவள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாமல் போய்விட்டது. நான் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஊர் சின்னது. நூற்றிச் சொச்சம் வீடு, ஒரு சர்ச், ஒரு மதுக்கடை. ஊர் முடிகிற இடத்தில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டில் எங்கள் முதியோர் இல்லம். நடுவில் ஒரு மரப்பாலம், ஆள் மட்டும் போகலாம். எங்கள் பக்கத்து இட்டேரி மாதிரி வேலிக்கு நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை அந்தப் பாலத்துக்குப் போகும். வீட்டிலிருந்து வேலைக்குப் பத்தே நிமிஷம்.

அந்தப் பாலத்தை என்னைவிட அதிகமாக நம்பியிருந்தவர் ஐவி. எண்பத்து மூன்று வயசு. அவர் வீட்டுக்காரர் ஹாரல்ட், ஊருக்குத் தபால்காரராக இருந்தவர், எங்கள் இல்லத்தில் இருந்தார். ஞாபகம் நழுவிக்கொண்டே போகிற நோய். மகன் பேர் மறந்துவிட்டது, காலையில் சாப்பிட்டது மறந்துவிடும். ஆனால் பத்து மணி மட்டும் மறக்காது. பத்து மணிக்கு ஐவி பாலத்தைத் தாண்டி வருவார். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஹாரல்ட் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் இருக்கத் தன் போர்வையைப் போட்டு வைப்பார்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த கையோடு ஓடையில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேர நடை. நடைக்கு நான் அஞ்சவில்லை, மலையில் பிறந்த காலுக்கு அது என்ன பெரிய தூரம்? ஆனால் ஐவியால் முடியாது. அந்த ரோட்டில் ஓரமாக நடக்க இடமில்லை, பஸ்ஸும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் வீட்டுக்காரர் எங்கள் காரில் கூட்டிக்கொண்டு வருவார். மற்ற ஆறு நாளும் அந்த நாற்காலி சும்மா கிடக்கும்.

முதல் வாரம் ஹாரல்ட் பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, எங்கூட்டுக்காரி இன்னும் வரலீங்களே" என்று கேட்டார். "வந்துருவாங்க" என்பேன். இரண்டாம் வாரமும் கேட்டார். பிப்ரவரி கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டார். போர்வையும் காலிலேயே கிடந்தது. கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்குப் பதில் சொல்ல ஒரு பொய்யாவது இருந்தது. அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அடித்துப்போன பாலத்திலிருந்து நூறு கஜம் தள்ளி இன்னொரு பாலம் கல்லுப்போல நிற்கிறது. டாபின் என்கிற விவசாயியின் டிராக்டர் பாலம். அவர் உழுகிற காட்டுக்குள் இருக்கிறது. முன்னாடி இரும்புக் கேட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு. ஐவி அவரிடம் போய்க் கேட்டாராம். "பாக்கலாங்க" என்றாராம். எந்த நாடாக இருந்தாலும் "பாக்கலாம்" என்றால் இல்லை என்றுதான் அர்த்தம்.

3

"பாரிஷ் கவுன்சிலில் சொல்லிப் பாருங்களேன்" என்று இல்லத்துச் சமையல்காரம்மா சொன்னபோது நான் முழித்தேன். பாரிஷ் என்றால் சர்ச்சுக்காரர்களின் கமிட்டி என்று நினைத்து, மாரியம்மனைக் கும்பிடுகிற நமக்கு அங்கே என்ன வேலை என்று மூன்று வருஷமாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போய்ப் பார்த்தால் சாமியும் இல்லை, பூசாரியும் இல்லை. நம் பஞ்சாயத்துதான். கோட்டு போட்ட பஞ்சாயத்து.

அதன் கிளார்க் ஹில்டா. தடித்த கண்ணாடி, மடியில் ஒரு நோட்டு. உலகம் அழிந்தாலும் அழிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டுதான் அழிவார். பொதுமக்கள் பேச மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று ஐவி, ஹாரல்ட், நாற்காலி, போர்வை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பாலம் என்ற வார்த்தைக்கு நான் இன்னும் வரவே இல்லை.

கூட்டம் முடிந்து ஹில்டா என்னைத் தனியாக உட்காரவைத்து விளக்கினார். பெஞ்சும் புல்லும் பாரிஷ். குப்பையும் தேர்தலும் டிஸ்ட்ரிக்ட். ரோடும் பாதையும் கவுன்ட்டி. ஓடையில் ஓடுகிற தண்ணீருக்கு வேறு ஆபீஸ். போதாக்குறைக்கு அந்த ஓடைதான் பாரிஷ் எல்லை. அதனால் பாலத்தில் இந்தப் பாதி எங்களுடையது, அந்தப் பாதி பக்கத்து ஊருடையது.

"புரியறது கஷ்டந்தானுங்க" என்றார் பரிதாபமாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கா புரியாது? எங்கள் மலையில் பஞ்சாயத்து, யூனியன், ஜில்லா என்று மூன்று ஆபீஸ் வாசலிலும் நின்று வளர்ந்தவள் நான். என் அக்கா காளியம்மா தொண்ணூற்றாறிலிருந்து அங்கே வார்டு மெம்பர். அவள் ஊர் ஓடைக்கு ஒரு குழாய்ப்பாலம் கேட்டு மனு கொடுத்தாள், அடுத்த வருஷமே ஜில்லாவைப் பிரித்துவிட்டார்கள். மனு எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவுக்கு வந்து முதல் தடவையாக ஒரு விஷயம் எனக்குப் பிறந்த ஊரில் இருப்பதுபோல விளங்கியது அன்றைக்குத்தான்.

"ஊட்டுக்கு ஒரு ஆள் வந்தா ஒரே ஞாயித்துக்கிழமைல நாமளே பாலத்தப் போட்டறலாமுங்க. எங்கூர்ல அப்பிடித்தான்" என்றேன்.

ஹில்டா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்சூரன்ஸ், பாதுகாப்பு மதிப்பீடு, ஓடையில் இருக்கும் ஏதோ ஒரு நண்டின் முட்டையிடும் காலம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில் எனக்குத் தலை சுற்றியது. பிறகு டாபின் கேட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. இந்த நாட்டில் ஒருத்தர் நிலத்தில் ஊர்ஜனம் இருபது வருஷம் தடையில்லாமல் நடந்துவிட்டால் அது ஊர்ப்பாதை ஆகிவிடுமாம். அப்புறம் அடைக்கவே முடியாதாம். அதனால்தான் டாபின் பூட்டு போட்டிருக்கிறார், அவர் அப்பாவும் போட்டிருந்தார்.

"உங்களுக்கு இத்தனை ஆர்வம் இருந்தா ஒரு இடம் காலியா இருக்குதுங்க" என்றார் ஹில்டா. உறுப்பினர் ஒருவர் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டாராம். என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்று சொன்னேன். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே ஓட்டும் போடலாம், உள்ளூர்த் தேர்தலில் நிற்கவும் நிற்கலாம் என்றார். மூன்று வருஷமாக இந்த ராஜ்யத்தில் எனக்கு இப்படி ஒரு சொத்து இருப்பதை ஒருத்தரும் மூச்சு விடவில்லை பாருங்கள்.

பேர் கொடுத்தேன். மறுநாள் டாபினும் பேர் கொடுத்தார். பாதையைப் பற்றிப் பேசுகிற ஆள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. ஊரில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுத் தேர்தல் வேண்டும் என்று கேட்க, தேர்தல் வந்துவிட்டது.

4

அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் நான் சொன்ன கிழமையில் செம்மேடு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து வந்து காத்திருப்பாள். இங்கிலாந்து தூரம் என்பதால் அவள் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்று அவள் எண்ணம்.

"எலெக்‌ஷன்லயா நிக்கற! அடி என் சாமி! சின்னம் என்ன குடுத்தாங்க?"

"இங்க சின்னமெல்லாம் இல்லக்கா. பேரப் படிச்சு ஓட்டுப் போடுவாங்க."

"எல்லாருமே படிப்பாங்களா?" என்று ஆச்சரியப்பட்டாள். அவளுக்குத் தொண்ணூற்றாறில் கிடைத்த சின்னம் ரோடு ரோலர். ரோடே இல்லாத ஊரில் ரோடு ரோலருக்கு ஓட்டுக் கேட்டு ஜெயித்தவள் அவள். அதனால் அவள் சொல்வதை நான் தட்டுவதில்லை.

"இங்க எல்லாரும் ஒரு நோட்டீஸ் அடிச்சு தபால் பொட்டில போட்டுட்டுப் போயிருவாங்களாமா" என்றேன்.

"தபால் பொட்டிலயா? நேர்ல போய் வாயத் தொறந்து கூப்புடாத எவ ஊட்டுக்கு எவ வருவா? இங்க பாரு கண்ணு, ஒரு ஊடு உடாம போ. வெறுங்கையோட போவாத. ஓட்டுப் போடுன்னு மட்டும் கேட்றாத, அது கேவலம். இன்ன நாள்ல எலெக்‌ஷன், வந்துருங்கன்னு கூப்புடு, அது போதும். எதிர்த்து நிக்கறவன் ஊட்டத் தாண்டிப் போயிராத. அப்பறம் ஊரு காறித் துப்பும்."

இது எங்களுக்கு அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்யாணமோ கோயில் நோம்பியோ, எங்கள் மலையில் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு பழம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் பொதுக் காரியத்துக்குக் கூப்பிட்டாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

வெற்றிலைக்கு இங்கே எங்கே போவது? வாழைப்பழம் கிடைத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து முறுக்குச் சுட்டேன். இல்லத்துச் சமையலறையில் காலியான ஐஸ்கிரீம் டப்பாக்கள் மலையாகக் குவிந்திருந்தன. கழுவித் துடைத்து, டப்பாவுக்கு இரண்டு வாழைப்பழம், ஐந்து முறுக்கு என்று நூற்றிச் சொச்சம் டப்பா. மேலே ஒரு பொட்டுக் குங்குமம் வைக்கப் போனேன். கவிதா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"அம்மா, ப்ளீஸ். குங்குமம் மட்டும் வேண்டாம். என் கிளாஸ்ல இருக்கற எல்லார் வீட்டுக்கும் நீ போகப்போற. நான் ஸ்கூல் மாறிடறேன்."

"நீ ஸ்கூல் மாறுனா அங்கயும் வருவேன்டி. வண்டில டப்பாவ ஏத்து."

நாலு நாள் சாயங்காலம் நடந்தேன். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் முதலில் டப்பாவைப் பார்த்தார்கள், பிறகு என் சேலையைப் பார்த்தார்கள், பிறகு தப்பான வீட்டுக்கு வந்துவிட்டீர்களோ என்று கேட்டார்கள். "இல்லீங்க, வியாழக்கிழமை எலெக்‌ஷன். குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். டாபின் வீட்டுக்கும் போனேன். அவர் ரப்பர் பூட்ஸுடன் வாசலில் நின்றார். என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டார். நின்ற இடத்திலேயே ஒரு முறுக்கைக் கடித்தார்.

5

திங்கட்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. டிஸ்ட்ரிக்ட் தேர்தல் ஆபீஸிலிருந்து. வாக்காளர்களுக்குத் தின்பண்டம் கொடுத்து ஓட்டு வாங்குவது இந்த நாட்டில் குற்றமாம், அந்தக் காலத்து ராணி ஒருத்தி போட்ட சட்டமாம். அப்படி நான் செய்ததாகப் புகார் வந்திருக்கிறது, விசாரிக்க ஆள் வருவார்.

என் வீட்டுக்காரர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். லாரியில் ஹைவேஸ் முழுக்க எத்தனையோ செக்போஸ்ட் பார்த்த மனுஷன்.

"பொன்னி, விசாவக் கேன்சல் பண்ணி நம்மள ஏத்தியனுப்பிருவாங்க. நாலு முறுக்குக்காவப் பொழப்பு போச்சே!"

"அஞ்சு முறுக்குங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

எனக்கும் பயம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நம் பக்கம் ஓட்டுக்கு என்னென்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அந்த வேலையை நான் செய்ததாக ஒரு பேர் வந்தால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? அந்த இரண்டு நாளும் ஹாரல்டுக்கு மாத்திரை கொடுக்கும்போது பக்கத்து நாற்காலியையே பார்த்தேன். நான் போய்விட்டால் அந்த நாற்காலியைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

விசாரணைக்கு வந்தவர் சின்ன வயசுக்காரர், கழுத்தை இறுக்கிய டை. எங்கள் சமையலறையில் உட்காரவைத்தேன். பழக்கதோஷத்தில் டீயும் ஒரு தட்டு முறுக்கும் வைத்துவிட்டேன். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"யாராருக்குக் குடுத்தீங்க?"

"எல்லாருக்குமுங்க."

"ஓட்டு இருக்கறவங்களுக்கா?"

"ஓட்டு இருக்கறவங்க, இல்லாதவங்க எல்லாருக்கும். கடைசி ஊட்டுக்காரங்க லண்டன்ல இருக்கறாங்க, கோடைக்கு மட்டும் வாராங்க. அவங்களுக்குக் கதவுல மாட்டிட்டு வந்தேன். பாதிரியாருக்கும் குடுத்தேன். டாபினுக்கும் குடுத்தேன்."

பேனா நின்றது. "எதிர்த்துப் போட்டி போடறவருக்கா?"

"பின்ன? அவர உட்டுட்டா ஊர்ல என்னங்க பேசுவாங்க?"

"வாங்கிக்கிட்டாரா?"

"நின்னுக்கிட்டே ஒரு முறுக்குத் தின்னாருங்க."

அவர் மெதுவாக ஒரு பக்கத்தைத் திருப்பினார். புகாரில் அந்தத் தகவல் இல்லைபோல. "உங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"ஐயோ, அதெப்பிடிங்க வாய் உட்டுக் கேக்கறது? வந்துருங்கன்னு கூப்புட்டேன். கூப்புடறது மொறை. கேக்கறது கேவலம்."

அதற்குள் அவர் கண் என் தோளுக்குப் பின்னால் போனது. அங்கே அலமாரி முழுக்க ஐஸ்கிரீம் டப்பா. இந்த ஊர்க்காரர்களும் எங்களைப் போலத்தான், வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்ப மனசு வராது. ஒன்றில் ஜாம், ஒன்றில் ஆறு முட்டை, ஒன்றில் வெங்காயத்தாள், ஒன்றில் யாரோ பின்னிய கம்பளிக் காலுறை. மூன்று நாளாக வாசலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

"இதெல்லாம்?"

"ஊர்க்காரங்க குடுத்ததுங்க."

"வாக்காளருங்க வேட்பாளருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் சட்டப் புத்தகத்தை முன்னாலிருந்து பின்னால் வரை புரட்டினார். அதற்கு எந்தச் சட்டமும் இல்லைபோல. மூடி வைத்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொள்வதாகவும், இனிமேல் தேர்தல் நேரத்தில் பழமும் முறுக்கும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, விசாரணை முடிந்துவிட்டதால் இப்போது ஒரு முறுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இரண்டு கொடுத்தனுப்பினேன்.

6

பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். அக்கா போன் பூத்தில் நின்று அழுதாள், பிறகு "போனவுடனே பாலத்துக்குக் கையெழுத்துப் போடு" என்றாள்.

எங்கே போடுவது? உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, பாலத்துக்கு எங்களால் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவது மட்டும்தான். எழுதினோம். கவுன்ட்டியிலிருந்து பதில் வந்தது: முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது, மூன்று வருஷத்தில் பரிசீலிக்கப்படும். அந்தக் கடிதத்தை ஹில்டா வாசித்தபோது மற்றவர்கள் தலையாட்டினார்கள். அடுத்த பொருள், நாய்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வருஷமா? ஹாரல்டுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா? வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் டம் டம் என்று போட்டேன். கவிதா மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, அஜெண்டால நீயே ஒரு பொருள் போடலாமே. மெம்பர்னா அதுக்குத்தானே?" என்றாள். கவுன்சில் விதிகளை எப்போது படித்தாளோ தெரியவில்லை, என்னைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு சொன்னாள்.

ஜூன் மாதக் கூட்டத்துக்குப் போட்டேன். "டாபின் பாலம் வழியாகத் தற்காலிகமாக நடந்துபோக அனுமதி கேட்பது." ஊர் மண்டபத்தில் அன்றைக்கு நாற்காலி பற்றவில்லை. ஐவி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாபின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பொதுமக்கள் பக்கம் வந்தார். அவருக்கும் மூன்று நிமிஷம்.

"ஐவி மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஹாரல்ட் எங்கூட்டுக்கு நாப்பது வருஷம் தபால் கொண்டாந்த மனுஷன். ஆனா இது எங்கப்பா சொன்னதுங்க. ஒருத்தர உட்டா ஊரே நடக்கும். இருபது வருஷம் நடந்தா அது ரோடு. அப்பறம் என் காட்டு நடுவுல ரோடு போவும். நான் பூட்டத் தொறக்க முடியாதுங்க."

கெட்ட மனுஷன் இல்லை. மண்ணை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இருக்கிற பயம்தான், எங்கள் மலையில் வேலிக்கல் ஒரு சாண் நகர்ந்தால் வெட்டுக்குத்து. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க, ஐவிக்கு எண்பத்து மூணு வயசு. இன்னும் இருபது வருஷம் நடந்துருவாங்கன்னா நீங்க பயப்படறீங்க?"

சொன்ன பிறகுதான் ஐவி இருக்கிறார் என்பது உறைத்தது. ஹில்டா எழுதுவதை நிறுத்திவிட்டார், என் ஐந்து வருஷத்தில் அவர் எழுதாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஐவி எழுந்தார்.

"டாபின் தம்பி, பத்தொம்பது வருஷத்தோட நிறுத்திக்கறேன். எழுதிக் குடுத்தர்றனுங்க."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். டாபின் சிரிக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டே நின்றார். கழுத்து சிவந்து காதுவரை ஏறியது. மூன்று நிமிஷ மணி அடித்தது. அவர் கோட்டுப் பையில் கைவிட்டு, கேட்டுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தார். விரலோ தடித்த விரல், சாவி கழலவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் போய்க் கழற்றிக் கொடுத்தார்.

சாவி ஐவி கைக்கு மாறியதும் ஹில்டா விடவில்லை. அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதினார்: இது அனுமதி மட்டுமே, உரிமை ஆகாது, பத்தொன்பது வருஷத்துக்கு மேல் நீடிக்காது. ஐவி கையெழுத்து, டாபின் கையெழுத்து, சாட்சிக்கு நான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த பொருள் நாய்தான்.

7

மறுநாள் காலை எனக்கு ட்யூட்டி. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஹாரல்ட் அடையாளம் கண்டுகொள்வாரா என்றே எனக்குச் சந்தேகம். கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஐவியைப் பார்த்து "வாங்க மேடம்" என்றுதான் சொன்னார். ஐவியும் "வந்தனுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகும்போது எங்கள் காரில் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

பத்து மணிக்கு மாத்திரைத் தள்ளுவண்டியோடு ஹாலில் நின்றிருந்தேன். கதவு திறந்தது. ஐவி, செருப்பெல்லாம் சேறு, டாபின் காட்டுச் சேறு. நேராக ஹாரல்ட் முன்னால் போய் நின்றார். என்னைப் போலவே ஐவிக்கும் பயம்.

ஹாரல்ட் ஐவியைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஐவியைப் பார்த்தார்.

"ஏன் ஐவி இத்தன நேரம்?"

ஐந்து மாதம். ஐவி கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாரிஷ் கவுன்சில் கூட்டமுங்க. இழுத்துப்போட்டாங்க" என்றார் ஐவி.

"அவனுங்க எப்பவும் அப்பிடித்தான்" என்றார் ஹாரல்ட், உட்காரச் சொல்லிப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக்கொண்டே.